கந்தையும் கொடையும்

பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகிறோம். கையில் எதைக் கொண்டு போவது? இந்தக் கேள்வி எழாத குடும்பம் நம்மில் இல்லை. இயன்றவர் தங்கத்தில் ஒரு மோதிரமோ காப்போ கொண்டு செல்வர். இயலாதவர் சட்டையும் சோப்பும் பவுடரும் அடங்கிய ஒரு பெட்டியை வாங்கிச் செல்வர். எதுவாயினும் அது புதியதாக இருத்தல் வேண்டும் என்பதில் மட்டும் எவருக்கும் ஐயம் இருப்பதில்லை. புதியதைக் கொடுத்தால் அன்பளிப்பு. பழையதைக் கொடுத்தால் கழித்துவிட்டது. இவ்வாறுதான் நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம்.

சென்ற ஆண்டு நம் இல்லத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி இந்தப் பழக்கத்தைப் பற்றி நம்மை எண்ண வைத்தது. கொடை எதனால் தகுதி பெறுகிறது? பொருளின் புதுமையாலா? கொடுப்பவரின் உழைப்பாலா? உள்ளத்தின் நிய்யத்தாலா? பெறுபவரின் தேவையாலா? ஒரு குழந்தைக்கு ஒட்டுத்துணி விரிப்பு ஒன்றைத் தைக்கப் புகுந்தபோது இத்தனை கேள்விகளும் ஊசியின் பின்னே நூலாக வந்து சேர்ந்தன.

நாம் வாழும் பாலவனத்தம், விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் உள்ளது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901ஆம் ஆண்டில் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இவ்வூர் ஜமீந்தார் என்பதைத் தமிழன்பர்கள் அறிவார்கள். மற்றபடி இது கரிசல் பூமி. வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்து வானத்தை அண்ணாந்து பார்த்திருக்கும் பூமி. பருத்தி விளைந்த மண் இது. பக்கத்து அருப்புக்கோட்டையோ நெசவுக்குப் பேர் போனது. காயை வெடிக்கக் கண்டு, பஞ்சை எடுக்கக் கண்டு, தறியோசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் துணியை எறிய மனம் வருவதில்லை. கிழிந்த வேட்டி குழந்தைக்கு இடுப்புத் துணியாகும். அது நைந்தால் அடுப்படியில் பாத்திரம் இறக்கும் துணியாகும். அதுவும் கருகினால் தரை துடைக்கப் போகும். புடவையோ தூளியாகி இரண்டு மூன்று பிள்ளைகளை ஆட்டிவிட்டுத்தான் ஓயும். வறண்ட நாட்டில் சிக்கனம் என்பது தனியே கற்பிக்கப்படும் பண்பன்று; மூச்சு விடுவதுபோல் இயல்பாக வருவது.

இனி நிகழ்ச்சிக்கு வருவோம்.

நம் தங்கை இறையழைப்பை ஏற்று ஓராண்டுகூட ஆகவில்லை. அவளுடைய ஒரே மகளுக்கு மதுரையில் தலைப்பிரசவம் நடந்தது. தாய் வீட்டில் நடந்திருக்க வேண்டியது. தாய் இல்லாமற் போனதால் மாமியார் வீட்டிலேயே நடந்தது. நாற்பதாம் நாள் குழந்தையைப் பார்க்கத் தாய்வழியில் செல்ல வேண்டியவர்கள் நாமும் நம் துணைவியாரும்தாம். தங்கையின் மரப்பெட்டி நம் வீட்டில் இருந்தது. அதில் அவள் உடுத்திய நூற்புடவைகள் ஆறு இருந்தன. பலமுறை துவைத்துத் துவைத்து மென்மையாகிப் போனவை. இவற்றை வெட்டிச் சதுரங்களாக்கி இணைத்து, குழந்தையைக் கிடத்த ஒரு விரிப்புத் தைத்தால் என்ன என்று துணைவியார் கேட்டார். இருவருமே அதற்குமுன் அப்படி ஒன்றைத் தைத்ததில்லை. பொத்தான் தைப்பதும் கிழிசல் மூட்டுவதும் தவிர நம் வீட்டு ஊசிக்கு வேறு வேலை இருந்ததில்லை.

செய்தி அறிந்து முதலில் எதிர்த்தவர் துணைவியாரின் அண்ணன். நம்மிடம் மிகுந்த பாசம் உடையவர். "மச்சான், சம்பந்தி வீடு வசதியான வீடு. நாலு பேர் கூடியிருக்கும் சபையில் கந்தலைக் கொண்டுபோய் விரிப்பீர்களா? தாயில்லாப் பிள்ளைக்குத் தாய் வீட்டார் கந்தல் கொடுத்தார்கள் என்ற பேச்சு அந்தப் பெண்ணைத்தானே சுடும்?" என்றார். அத்தோடு நில்லாமல், தானம் செய்யும்போது மட்டமானதைத் தேடிக் கொடுக்காதீர்கள், கண்ணை மூடிக்கொண்டாலன்றி நீங்களே வாங்கிக்கொள்ளாத ஒன்றைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள் என்று அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் கட்டளையிடுவதையும் எடுத்துக் காட்டினார்.

அவர் கூற்றில் நியாயம் இருந்தது. அதை நாம் தட்டிக்கழிக்க இயலவில்லை. நம் ஊர்களில் இது நாள்தோறும் நடப்பதே. வெள்ளம், புயல் என்று நிவாரணத்துக்குத் துணி திரட்டும்போது, பொத்தான் இல்லாத சட்டையும் கிழிந்த பாவாடையும் வந்து குவிவதை எல்லாரும் கண்டிருக்கிறோம். கொடுப்பவரின் அலமாரி சுத்தமாகிறது. பெறுபவரின் மானம் குறைகிறது. அதைக் கொடை என்று எப்படிச் சொல்வது? பழையதைக் கொடுக்க வெட்கப்பட வேண்டும் என்று நம் சமுதாயம் கருதியதற்குப் பின்னே இத்தகைய இழிகொடைகளின் அனுபவம் இருக்கிறது.

ஆனால் பழையது எல்லாம் மட்டமானதா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டியிருந்தது.

பச்சைக் குழந்தையின் மேனிக்கு முதலில் புதுத்துணியைச் சுற்றும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை. பாட்டனாரின் பழைய வேட்டியைத் தேடி எடுத்துத் துவைத்துக் காயவைத்துச் சுற்றுவார்கள். புதுத்துணியில் கஞ்சியின் விறைப்பு இருக்கும். பழந்துணியோ பூப்போல் இருக்கும். இதைக் கற்றுக் கொடுத்தவர்கள் ஏட்டறிவு பெற்றவர்கள் அல்லர், பிள்ளை வளர்த்தவர்கள்.

பிற நாட்டாரும் இதை அறிந்திருக்கிறார்கள். வங்கத்துப் பெண்கள் பழம்புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் இட்டுக் 'காந்தா' என்னும் விரிப்புகளைச் செய்வார்கள். தைப்பதற்கான வண்ண நூலையும் அப்புடவைகளின் கரையிலிருந்தே உருவி எடுத்துக்கொள்வது அவர்களது பழைய முறை. வங்க முஸ்லிம் கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட புகழ்பெற்ற கதைக் காவியத்துக்கு இந்தக் காந்தாவே பெயராகவும் கருவாகவும் அமைந்தது. கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இந்துக்களும் அவர்களில் உண்டு. அம்மக்களின் பெண்கள் குடும்பத்தாரின் நைந்த ஆடைகளைத் துண்டு துண்டாக வைத்து, விரிப்பின் மூலையில் தொடங்கி ஓரமாகச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே வருவார்கள். நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் சிறு 'பூ' ஒன்று வைப்பார்கள். பூ வைக்காத விரிப்பு அவர்கள் கண்ணுக்கு ஆடையில்லாத மேனி போன்றதாம். பார்த்தீர்களா? வறுமையிலே பிறந்த பொருளுக்கும் ஒரு மானத்தை வைத்துத்தான் தைத்திருக்கிறார்கள்.

எனவே பழமை ஒரு குற்றமன்று. அப்படியானால் மச்சான் காட்டிய வசனத்தின் எச்சரிக்கை எதைக் குறித்தது? அது துணியின் வயதைக் குறித்ததன்று. கொடுப்பவரின் மனத்தைக் குறித்தது. நாம் வேண்டாமென்று தள்ளியதைக் கொடுப்பது வேறு. நம்மால் பிரிய முடியாததைக் கொடுப்பது வேறு. ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 92ஆம் வசனம், நாம் நேசிக்கும் பொருளிலிருந்து செலவிடாத வரையில் நன்மையை அடைய மாட்டோம் என்று அறிவுறுத்துகிறது. அது அருளப்பெற்றதும் அபூதல்ஹா (ரலி) அவர்கள் தமக்கு மிகப் பிரியமான தோட்டத்தையே கொடுத்துவிட முன்வந்தார்கள்; அதனை உறவினர்க்கே பங்கிட்டுக் கொடுக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள் என்பது புகாரியில் உள்ள செய்தி.

அந்த உரைகல்லில் நம்மை உரசிப் பார்க்கும் தருணம் உடனே வந்தது. ஆறு புடவைகளில் ஒன்று, மஞ்சள் கரையிட்ட நீலப் புடவை. தங்கை பெருநாளுக்கு உடுத்துவது. மற்ற ஐந்தையும் வெட்டிய கத்தரி அதன்மேல் ஓடவில்லை. "இதை மட்டும் நினைவுக்கு வைத்துக்கொள்வோமே" என்றோம் நாம். துணைவியார் மறுமொழி கூறாமல் மடித்து வைத்துவிட்டார். மூன்று நாள் சென்றது. வெட்டிய ஐந்தும் நமக்கு எளிதாக இருந்தவை. வெட்டாத ஒன்றே நமக்குப் பிரியமானது என்று நான்காம் நாள்தான் உறைத்தது. பெட்டிக்குள் கிடந்து பூச்சிக்கு இரையாவதைவிட அது பேரன் படுக்கைக்குப் போவதையே தங்கை விரும்பியிருப்பாள். எடுத்து வெட்டினோம். அந்த விரிப்பில் நாம் கொடுத்தது என்று சொல்லத் தகுந்தது அந்த நீலத் துண்டுகள் மட்டுமே.

இனி வேலை. சதுரத் துண்டு ஒவ்வொன்றும் ஆறரை அங்குலம். நாற்புறமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விட்டால் ஆறு அங்குலம் நிற்கும். வரிசைக்கு 6 துண்டாக 6 வரிசை. ஆக 36 துண்டுகள். மூன்றடிக்கு மூன்றடி விரிப்பு. நடுவே பழைய வேட்டி இரண்டு மடிப்பு. அடியில் வெள்ளைக் கைத்தறித் துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல். காகிதத்தில் கணக்கு மிக அழகாக இருந்தது. துணியிலோ, ஒரு துண்டுக்கு அரைக்கால் அங்குலம் பிசகினால் ஆறு துண்டுக்கு முக்கால் அங்குலம் பிசகும் என்பதை முதல் வரிசையும் இரண்டாம் வரிசையும் சந்தித்தபோது கண்டோம். நான்கு துண்டுகள் கூடும் மூலைகள் கூடவே இல்லை. ஒன்று ஏறி நின்றது. ஒன்று இறங்கி நின்றது.

பிரித்தோம், மறுபடி தைத்தோம். மீண்டும் பிரித்தோம். மூன்றாம் முறையும் நாம் பிரிக்கத் தொடங்கியபோது துணைவியார் கேட்டார்: "மூலை ஒட்டாவிட்டால் குழந்தைக்குக் குத்துமா?" குத்தாது. "பின் யாருக்குக் குத்துகிறது?" இக்கேள்விக்கு நாம் மறுமொழி சொல்லவில்லை. பிரித்துக்கொண்டே இருந்தோம். சம்பந்தி வீட்டுக் கூடமும் அங்கே கூடியிருக்கப் போகும் கண்களும் நம் மனத்தில் விரிந்திருந்தன. மச்சானுக்கு வசனத்தை விளக்கிய நாமே, அவர் அஞ்சிய பேச்சுக்கு அவரைவிட அதிகமாக அஞ்சிக்கொண்டிருந்தோம்.

ஒட்டுப் போடுவதைப் பற்றி நம் முன்னோர் மிக ஆழ்ந்து சிந்தித்திருக்கிறார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஆட்சித் தலைவராக இருந்த காலத்தில் உமர் (ரலி) அவர்களின் ஆடையில் தோள்களுக்கு நடுவே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகளைக் கண்டதாக அனஸ் (ரலி) கூறிய செய்தி முவத்தாவில் இருக்கிறது. பிற்காலத்தில் சூஃபிகள் ஒட்டுப் போட்ட அங்கியைத் தம் அடையாளமாகவே கொண்டார்கள். அடையாளம் என்று வந்துவிட்டால் போலியும் உடன் வருவது உலக வழக்கு. கிழியாத துணியில் அழகுக்கு ஒட்டுப் போடுவோரும் தோன்றினர்.

லாகூரில் அடங்கியிருக்கும் 11ஆம் நூற்றாண்டுப் பெரியார் ஹுஜ்வீரி அவர்கள் 'கஷ்ஃபுல் மஹ்ஜூப்' என்னும் நூலில் இந்த ஒட்டு அங்கிக்கென ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார்கள். தையல் நேராக ஓட வேண்டுமா, ஊசி வந்த இடத்தில் வரட்டும் என்று விட்டுவிட வேண்டுமா என்பதில்கூட அக்காலத்துப் பெரியோர்களிடையே இருவேறு கருத்துகள் இருந்தனவாம். அதில் ஒரு நிகழ்ச்சியும் வருகிறது. தூஸ் நகரில் அபுல் காஸிம் குர்கானீ அவர்களை, ஏழ்மையின் பாதையில் நிற்பவனுக்குக் குறைந்தபட்சம் வேண்டியது எது என்று கேட்கிறார் ஹுஜ்வீரி. ஒட்டைச் சரியாகத் தைக்கத் தெரிய வேண்டும், சொல்லைச் சரியாகக் கேட்கத் தெரிய வேண்டும், காலைச் சரியாகத் தரையில் ஊன்றத் தெரிய வேண்டும் என்று மூன்றைச் சொல்கிறார் குர்கானீ. உடனிருந்தவர்கள் வெளியே வந்ததும் இதற்கு ஆளுக்கொரு பொருள் கூறத் தொடங்கினர். ஹுஜ்வீரி தம் கருத்தைச் சொன்னார்: ஏழ்மைக்காகத் தைக்கப்பட்டதே சரியான ஒட்டு, காட்சிக்காகத் தைக்கப்பட்டது சரியானதன்று, ஏழ்மைக்காகத் தைத்திருந்தால் தையல் கோணினாலும் அது நேரானதே. இவ்விளக்கம் குர்கானீயின் செவிக்கு எட்டியபோது அவர் மகிழ்ந்து வாழ்த்தினாராம்.

இதை நாம் முன்பே படித்திருந்தோம். மூன்றாம் முறை பிரித்த இரவில் நினைவுக்கும் வந்தது. நினைவுக்கு வந்தும் என்ன பயன்? நம் வசதிக்கேற்ப அதற்குப் பொருள் செய்துகொண்டோம். நம் நிய்யத் தூயது. ஆகவே நம் விரிப்பும் சரியானதே என்று முடிவு கட்டினோம். நான்காம் முறை மூலைகள் ஏறக்குறைய ஒட்டின. மேற்புறத்தைக் கையால் நீவிப் பார்த்து நிறைவு கொண்டு, மடித்துப் பையில் வைத்தோம்.

நாற்பதாம் நாள் மதுரை சென்றோம். கூடத்தில் பெண்கள் பலர் இருந்தார்கள். மெத்தைகளும் கொசுவலைத் தொட்டில்களும் பளபளக்கும் தாளில் பொதிந்து அடுக்கப்பட்டிருந்தன. துணைவியார் விரிப்பை எடுத்து மருமகளிடம் கொடுத்தார். அவள் அதை விரித்தாள். நீலத் துண்டின்மேல் விரலை வைத்தாள். "அம்மாவுடைய பெருநாள் புடவை" என்றாள். வேறு ஒன்றும் பேசவில்லை. துணி அவளுக்குத் தெரிந்திருந்தது. அது போதும் என்றிருந்தது நமக்கு.

அப்போது சம்பந்தியம்மா எழுந்து வந்தார். விரிப்பை வாங்கினார். நாம் நான்கு முறை பிரித்துத் தைத்த மேற்புறத்தை அவர் பார்க்கவே இல்லை. அதைக் கவிழ்த்துப் போட்டு அடிப்புறத்தை உள்ளங்கையால் தடவத் தொடங்கினார். ஓரத்திலிருந்து ஓரம் வரையில், வரிசை வரிசையாகத் தடவினார். கூடம் அமைதியாயிற்று. குற்றம் தேடுகிறார் என்று நம் உள்ளம் கொதித்தது. மச்சான் சொன்னது பலித்துவிட்டது என்று எண்ணினோம்.

"கத்தரி கொண்டுவா" என்றார் அவர். வந்ததும், அடிப்புறத்தில் நாம் முடிச்சிட்டு விட்டிருந்த நூல் வால்களை ஒவ்வொன்றாக நறுக்கினார். ஏழு இடங்களில் விரலளவு நீளத்துக்கு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு இடங்களில் நூல் வளையமாகவே நின்றது. நறுக்கிக்கொண்டே சொன்னார்: "என் இரண்டாவது மகனுக்குக் கைக்குழந்தையில் இப்படி ஒரு நூல் கால்விரலைச் சுற்றிக்கொண்டது, சம்பந்தி. ராத்திரி முழுக்க அழுதான். வயிற்றுவலி என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்தோம். விடிந்து பார்த்தால் விரல் கன்றிப் போயிருந்தது. முடிச்சைத் துணிக்குள்ளே இழுத்துவிட்டால் இந்தக் கவலை இல்லை." குரலில் குத்தல் ஏதுமில்லை. புடவைகளின் மென்மையைத் தொட்டுப் பார்த்து, "பிள்ளைக்கு இதுதான் சுகம்" என்று சொல்லிக் குழந்தையை அதில் கிடத்தினார்.

அவர் சொன்னது வெறும் அச்சமன்று. தலைமுடியோ நூலோ குழந்தையின் விரலைச் சுற்றி இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரலுக்கே கேடு வரும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. பச்சைக் குழந்தைக்கு வலிக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டத் தெரியாது. அழ மட்டுமே தெரியும்.

அன்று நாம் அடைந்த நாணம் சொல்லுந்தரமன்று. எவர் கண்ணுக்கும் அஞ்சி மேற்புறத்தை நான்கு முறை பிரித்தோம். குழந்தையின் மேனியை எண்ணி அடிப்புறத்தை ஒரு முறையாவது தடவினோமா? இல்லை. தூய நிய்யத் என்று நாம் பெருமிதம் கொண்டதற்கு அந்த ஏழு நூல்களும் எதிர்ச்சாட்சி கூறின. நிய்யத் என்பது நெஞ்சுக்குள் நாம் சொல்லிக்கொள்ளும் சொல் மட்டுமன்று. கவனம் எங்கே சென்றதோ அங்கேதான் நிய்யத்தும் இருந்திருக்கிறது. நம் கவனம் மூலைகளில் இருந்தது. அப்படியானால் நாம் யாருக்காகத் தைத்தோம்?

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் கண்டுகொண்டோம். முதன்முதலாக ஒன்றைச் செய்பவர் எவராயினும் குறையில்லாமல் செய்ய முடியாது. ஆனால் குறைகள் எல்லாம் ஓரினமல்ல. செய்பவரின் பெருமையைத் தொடும் குறை ஒன்று. பெறுபவரின் உடலைத் தொடும் குறை மற்றொன்று. ஒட்டாத மூலையும் கோணிய தையலும் முதல் இனம். தொங்கும் நூலும், மறந்துவிட்ட குண்டூசியும், குழந்தை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளக் கூடிய மணியும் பொத்தானும், வெட்டுமுன் துவைக்காததால் ஈரம்பட்டதும் இறங்கும் சாயமும் இரண்டாம் இனம். முதல் இனத்தை மன்னிக்கலாம். அதில் ஓர் அழகும் உண்டு. இரண்டாம் இனத்தை அன்பின் பெயரால் மன்னிக்கக் கூடாது. "அன்போடு செய்தேன்" என்ற சொல் குழந்தையின் விரலை விடுவிக்காது.

ஹுஜ்வீரி அவர்களின் விளக்கமும் அப்போதுதான் நமக்கு முழுமையாகப் புரிந்தது. தையல் கோணினாலும் நேரானதே என்று அவர் அனுமதித்தது சோம்பலுக்கன்று. தேவைக்காகத் தைப்பவனின் கண் தேவையின்மீதே இருக்கும். அதனால் தேவையைப் பாதிக்கும் பிழை அவன் கைக்குத் தப்பாது. கோணல் மட்டுமே தப்பும். காட்சிக்காகத் தைப்பவனுக்கோ கோணல் தப்பாது, மற்றதெல்லாம் தப்பிவிடும். நமக்கு நேர்ந்தது அதுவே.

இதைத் துணியோடு நிறுத்த வேண்டியதில்லை. நாம் செய்யும் அறங்களை ஒருமுறை கவிழ்த்துப் போட்டுத் தடவிப் பார்ப்போம். குடிநீர்த் தொட்டி கட்டுகிறோம். கட்டியவர் பெயர் பொறித்த கல் பளிங்கில் மின்னுகிறது. தொட்டியைக் கழுவுவதற்கு ஆள் நியமித்தோமா? திருமண விருந்தில் பந்தலின் அலங்காரத்துக்குப் பல நாள் யோசிக்கிறோம். கடைசிப் பந்தியில் அமரும் ஏழை உறவினருக்குக் கறி மிஞ்சியதா என்று யார் பார்த்தார்கள்? அனாதைப் பிள்ளைகளுக்குப் பெருநாள் உடை வழங்குகிறோம். அவர்களை வரிசையில் நிறுத்திப் படம் பிடிக்கும்போது அந்தப் பிள்ளை முகத்தை எங்கே திருப்பிக்கொள்கிறது என்று கவனித்தோமா? மேற்புறம் நமக்காக, அடிப்புறமே பெறுபவரின் மேனியில் படுவது.

மீண்டும் அந்தக் கூடத்துக்குச் செல்வோம். குழந்தையைக் கிடத்திய சில நொடிகளில் அது நீலத் துண்டை நனைத்துவிட்டது. நம் கை தன்னையறியாமல் விரிப்பை இழுக்க நீண்டது. சம்பந்தியம்மா சிரித்துவிட்டார். "இது யாருக்குத் தைத்தது, சம்பந்தி?" என்றார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். துணைவியார் பாலவனத்தத்தில் கேட்ட அதே கேள்வி என்பது அவருக்குத் தெரியாது.

கொடுத்த பின்னரும் நாம் பொருளை விடுவதில்லை. கொடுத்த கைக்கடிகாரத்தை ஏன் கட்டவில்லை, கொடுத்த புடவையை ஏன் உடுத்தவில்லை என்று கேட்டுக்கொண்டே இருப்போம். பொருள் அவர்கள் வீட்டில் இருக்கும்; அதன் கயிறு நம் கையில் இருக்கும். ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி புகாரியில் உண்டு. ஒரு பெண்மணி கரையோடு கூடிய போர்வை ஒன்றைத் தம் கையாலேயே நெய்து கொண்டுவந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அளித்தார். அவர்களுக்கு அது தேவையாகவும் இருந்தது. உடுத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். கண்ட ஒருவர் அதைப் புகழ்ந்து, தமக்குத் தருமாறு கேட்டார். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாத நபியவர்கள் அதைக் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் அந்த மனிதரைக் கடிந்துகொண்டபோது, உடுத்துவதற்காகக் கேட்கவில்லை, தம் கஃபனாக வேண்டுமென்றே கேட்டதாக அவர் சொன்னார். அவ்வாறே அது அவருக்குக் கஃபனாயிற்று. நெய்த பெண்மணியின் பெயரை அந்த அறிவிப்பு சொல்லவில்லை. அவர் நெய்தார், கொடுத்தார், அதன்பின் அத்துணி தன் வழியே சென்றது. அதை எந்தக் கையும் பிடித்து நிறுத்தவில்லை.

ஊர் திரும்புமுன் மருமகளிடம் ஒன்று மட்டும் சொல்லி வந்தோம். ஒரு வயது வரையில் குழந்தை உறங்கும்போது தடித்த போர்வையோ மெத்தென்ற விரிப்போ அருகில் இருக்க வேண்டாம், மூச்சு முட்டும் என்று குழந்தை மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். ஆகவே பகலில் விழித்திருக்கும் வேளையில், பெரியவர் கண்பார்வையில் தரையில் விரித்து விளையாட விடு. கிழிந்தால் கிழியட்டும் என்றோம். கடைசிச் சொல்லைச் சொல்ல நமக்குச் சிறிது முயற்சி வேண்டியிருந்தது.

அண்மையில் பேரனையும் அழைத்துக்கொண்டு மருமகள் பாலவனத்தம் வந்திருந்தாள். பேரன் தத்தித் தத்தி நடக்கிறான். விரிப்பும் வந்திருந்தது. நீலம் வெளுத்திருக்கிறது, கறை ஒன்று போகவே இல்லை, இரண்டு சதுரங்கள் நைந்துபோய், அவற்றின்மேல் அவள் தன் கையாலேயே ஒட்டுப் போட்டிருக்கிறாள். ஒன்று சம்பந்தியம்மாவின் பழைய புடவைத் துண்டாம். அவளுக்கும் அதுதான் முதல் தையல். ஒட்டு இரண்டும் கோணலாகத்தான் இருந்தன.

அவள் உள்ளே போயிருந்தபோது விரிப்பைக் கவிழ்த்துத் தடவிப் பார்த்தோம். ஒரு நூலும் கையில் தட்டுப்படவில்லை.